ஏழாவது ஆபத்து

பாடத்தின் நான்காம் பகுதியில் ஒரு துறைமுகப் படம் வரும். ஒரு கப்பல், ஒரு கிரேன், இரண்டு லாரிகள், பதினோரு ஆட்கள். கடல் தூத்துக்குடிக் கடலைவிட நீலமாக இருக்கும். கிரேன் ஆடும், லாரியிலிருந்து புகை எழும், எந்த ஊர்ப் பறவையோ விடாமல் கத்தும். அந்தப் படத்துக்குள் ஏழு ஆபத்துகள் இருக்கின்றன. பத்து நிமிடத்துக்குள் ஏழையும் விரலால் தொட வேண்டும். நான் இரண்டு முறையும் ஆறோடு நின்றுவிட்டேன்.

என் வேலை டாலி எழுதுவது. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணித் தாளில் குறிப்பது. இருபத்திரண்டு வருடங்களாக அதுதான். இணையவழிப் பாதுகாப்புப் பாடத்தை முடித்தவர்களுக்கு மட்டுமே நுழைவு அட்டையைப் புதுப்பித்துத் தருவோம் என்று எங்கள் நிறுவனம் இந்த முறை சொல்லிவிட்டது. என் அட்டை வெள்ளிக்கிழமை மாலையோடு முடிகிறது. சனிக்கிழமை முந்திரிக் கொட்டைக் கப்பல் வருகிறது. நான்காம் பகுதிக்கு மூன்று வாய்ப்புகள்தான். மூன்றிலும் தவறினால் பாடம் பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டிப்போன மூத்த டாலிக்காரர் ஒருவர் இப்போது பைபாஸ் சாலைக் கிடங்கின் வாசலில் உட்கார்ந்து லாரி எண்களை எழுதிக்கொண்டிருக்கிறார். எப்போது திறக்கும் என்று அவரும் கேட்டார், நானும் கேட்டேன். பதில் சொல்ல ஆள் இல்லை.

அலுவலகத்தில் பழைய கோப்புகள் அடுக்கிய அறையில்தான் கணினி. வெளிச்சத்தம் கேட்டால் பாடம் நின்றுவிடும் என்பதால் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும், மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். திரைக்கு மேலே ஒரு சிறு கேமரா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். முகம் விலகினால் திரை மங்கி, படம் அப்படியே நிற்கும், நேரம் மட்டும் ஓடும். காணொளியை வேகமாக ஓட்டித் தள்ளிவிட முடியாது. ஒருமுறை தவறினால் அந்தப் பகுதியின் நாற்பது நிமிடத்தையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். தலைக்கவசம் போட்ட ஒரு பொம்மைப் பெண் "அன்பான கற்போரே" என்று தொடங்குவாள். செவ்வாய் ஒருமுறை, புதன் ஒருமுறை அவள் பேசியதைக் கேட்டேன். எந்த இடத்தில் கண் சிமிட்டுவாள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து பத்துக்கு அறைக்குள் போகும்போது, ஆவணப் பிரிவுப் பெண் தன் மேசையிலிருந்து கூப்பிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்கும் படத்துக்குப் போறியளா? முறுக்கு வாங்கியாரவா?"

"நீ எம்புட்டு நேரத்துலம்மா முடிச்ச?"

"டீ வாரதுக்குள்ள. நீங்க ரொம்ப உத்துப் பாக்கிய. அதுல ஒண்ணுமே இல்ல."

"ஏழாவது எதுன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கு வந்தது ஆபீஸ் படம்லா. ஒயர் கெடக்கு, தரையில தண்ணி கெடக்கு, அம்புட்டுதான். வேலைக்குத் தக்கன படம் குடுக்கான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொகத்தத் திருப்பிராதிய. பொம்மைக்காரி கோவிச்சுக்கிடுவா" என்றாள்.

நான் சும்மா போகவில்லை. புதன்கிழமை தவறிய பிறகு, அந்தப் படத்தை நினைவிலிருந்து என் நாட்குறிப்பில் வரைந்திருந்தேன். டாலித் தாள் போலவே கட்டம் போட்டேன். மேலிருந்து கீழே நான்கு, குறுக்கே ஐந்து, மொத்தம் இருபது கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எழுதினேன். அறுந்த கம்பிவடம், தலைக்கவசம் இல்லாத ஆள், கழன்ற ஏணி, சிந்திய எண்ணெய், லாரிக்குப் பின்னால் குனிந்து நிற்பவர், கைபேசியில் பேசும் கிரேன்காரர். இந்த ஆறுக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து 'சரி' என்று குறித்துவிட்டேன்.

நாற்பது நிமிடம் முடிந்து படம் வந்தது. முதல் ஆறையும் மூன்று நிமிடத்துக்குள் தொட்டேன். ஒவ்வொன்றைத் தொடும்போதும் அந்த ஆபத்து நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு சிறு காட்சி ஓடும். ஏணி சரியும், எண்ணெயில் ஆள் வழுக்கி விழுவார். ஆறையும் மூன்றாம் முறையாகப் பார்த்தேன். மேலே 6/7 என்ற எண் அசையாமல் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கதவுக்கு வெளியே யாரோ டீ ஆற்றும் ஓசை கேட்டது. எழுந்து போய்க் குடிக்க முடியாது.

தவறான இடத்தைத் தொட்டால் ஒரு நிமிடம் குறையும். நங்கூரச் சங்கிலியைத் தொட்டேன், குறைந்தது. லாரியின் சக்கரத்தைத் தொட்டேன், அதுவும் குறைந்தது. இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தபோது, திரையிலிருந்து முகத்தை எடுக்காமல், கட்டங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். பதின்மூன்றாம் கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'டாலி எழுதுபவர். சரி.'

படத்தில் அவர் கப்பலுக்கும் லாரிக்கும் நடுவில் நிற்கிறார். கையில் டாலித் தாள் செருகிய அட்டை, காதில் பென்சில். கழுத்தை நிமிர்த்தி மேலே பார்க்கிறார். தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் மூட்டைகள் தொங்குகின்றன. நான் நிற்கும் இடம் அது. அங்கே நின்றால்தான் மூட்டைக்கட்டு மெல்லச் சுழலும்போது நான்கு பக்கமும் தெரியும். எண்ணிக்கை பிசகாது. எனக்குத் தொழில் சொல்லித் தந்தவரும் அங்கேதான் நின்றார். மூன்று நாளாக அந்த ஆளைப் பார்த்து, சரியான இடத்தில் நிற்கிறார் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

விரலை அவர் மேல் வைத்தேன். சிவப்பு வட்டம் விழுந்தது. 7/7.

உடனே காட்சி ஓடத் தொடங்கியது. கொக்கி வழுக்கியது. மூட்டைகள் சரிந்தன. நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சத்தம் நின்றது. ஓரக்கண்ணால் பார்த்தபோது திரை மங்கிக் கிடந்தது. மூட்டைகள் அவர் தலைக்கு ஒரு சாண் மேலே அந்தரத்தில் நின்றன. 'தொடர்வதற்குத் திரையைப் பார்க்கவும்' என்ற வரி. அந்தக் காட்சியை முடிவுவரை பார்க்காமல் சான்றிதழ் கிடையாது. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று நான் குறித்துவைக்கவில்லை. முகத்தைத் திரைக்கு நேரே திருப்பினேன். முடிந்தபோது தரையில் அவருடைய டாலி அட்டை மட்டும் கிடந்தது. பொம்மைப் பெண் வந்து, "வாழ்த்துகள், கற்போரே" என்று கை தட்டினாள்.

மாலை நான்கு இருபதுக்குப் புது நுழைவு அட்டை கைக்கு வந்தது.

சனிக்கிழமை காலை கப்பலடியில், மூட்டை தொங்கும் இடத்தைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றேன். அங்கிருந்து மூட்டைக்கட்டின் ஒரு பக்கம்தான் தெரிந்தது. லாரியில் இறக்கிய பிறகு ஏறி எண்ணினேன். கழற்றினால் கட்டு குலைந்துவிடும் என்பதால், அதுவரை கொக்கியைக் கழற்றாமல் எல்லாரும் காத்து நின்றார்கள்.

இறக்குகூலி மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணாச்சி, பந்திக்கு எடம் கெடைக்காதவன் மாதிரி அங்கன நிக்கிய?"

"கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கணுமாம் மேஸ்திரி."

"ஆரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்ல ஒரு பொம்மை."

ஆட்கள் சிரித்தார்கள். "அப்ப அந்தப் பொம்மையையே எண்ணச் சொல்லும்" என்றான் ஒருவன்.

பதினொன்றரைக்கு அலுவலகத்திலிருந்து தொலைபேசி. வேலை ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கேட்டார்கள். கோட்டைப் பற்றிச் சொன்னேன். பாடத்தை முடித்ததற்கு மகிழ்ச்சி, ஆனால் கப்பல் திங்கள் காலை புறப்பட்டாக வேண்டும் என்றார்கள். எங்கே நிற்கச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியாததா?" என்று வைத்துவிட்டார்கள்.

கோட்டைத் தாண்டிப் பழைய இடத்தில் போய் நின்றேன். கிரேன் திரும்பியது. மூட்டைகள் தலைக்கு மேலே வந்து, மெல்லச் சுழன்று, லாரியை நோக்கி நகர்ந்தன.

"எத்தன அண்ணாச்சி?" என்றார் மேஸ்திரி.

பென்சில் தாள்மேல் இருந்தது. கட்டம் வெறுமையாக இருந்தது. நான் மூட்டையைப் பார்க்கவே இல்லை, கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். எதைப் பார்த்தார் என்று தெரியாது.

"ஏலே, கொக்கியக் கழத்தாத" என்று லாரியைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அண்ணாச்சி ஏறி எண்ணட்டும்."