ஏலத்துக்கு வந்த மண்டையோடு

2019 நவம்பர் 17, ஞாயிறு, காலை பதினொன்று நாற்பது. சித்தூரில் விடாத தூறல். எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை ஏல மேசையில், ஐந்து பூசணிக்காய்களுக்கும் ஒரு சேவலுக்கும் நடுவே ஒரு மண்டையோடு. ஆதிமனிதனுடையதைப் பார்த்து வார்த்த பிளாஸ்டர் மண்டையோடு. அதைக் காணிக்கையாக வைத்தவர் டீச்சரம்மா.

திருப்பதியில் விலங்கியல் படித்தவர். எங்கள் சபையில் பத்தொன்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவர். கர்த்தர் உலகைப் படைத்தபோது சூரியன் நாலாம் நாள்தான் வந்ததென்றால் முதல் மூன்று நாளை எதை வைத்து எண்ணினார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. "கர்த்தருக்கு இன்னா அவசரம் கண்ணு? லட்சக்கணக்கான வருசம் மண்ணைப் பெசஞ்சிக்கினே இருந்திருப்பாரு" என்று இந்த மண்டையோட்டைக் காட்டினார். பைபிளின் ஆதியாகமத்து வயதுகளைக் கூட்டிக் கூட்டி, ஆறாயிரம் வருடத்துக்கு மேல் நகராமல் தவித்தவன் நான். அந்தப் பதிலைக் கேள்விப்பட்ட இரவு நிம்மதியாகத் தூங்கினேன். அதை அவரிடமே சொல்லியும் இருந்தேன்.

"ஆறு நாள்னா ஆறு நாள்தான்" என்றார் போதகர். கமிட்டியில் ஒன்பது பேர். டீச்சரம்மாவை நீக்க ஐந்து கை உயர்ந்தது, ஐந்தாவது என்னுடையது. அடுத்த மாதம் என் மகளுக்கு எங்கள் சபைக் கோயிலில்தான் கல்யாணம்.

கை தூக்கியதற்கு அடுத்த ஞாயிறுதான் பண்டிகை. படைத்த பொருளைத் திருப்பித் தருவது எங்கள் வழக்கமில்லை. ஏலம் விட்டே தீர வேண்டும்.

"தாத்தா வந்துகீறாரு, நூறு ரூபா! யாரு கேக்கறீங்க?" என்றார் ஏலம் விட்டவர்.

"உன் தாத்தாவா இருக்கும்பா! என் தாத்தா குடிபாலா ஊர்க்காரரு!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கோயிலே சிரித்தது. டீச்சரம்மா சிரித்தபடி என்னைப் பார்த்தார். நான் ஒரு குரல் கொடுத்திருந்தால், தான் தனியாக இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் குனிந்து, ஏற்கெனவே எண்ணிய காணிக்கை நோட்டுகளை மறுபடி எண்ணினேன். யாரும் கேட்காததால் மண்டையோடு, போதகர் உடைமாற்றும் அறையின் பரணுக்குப் போனது. டீச்சரம்மா தன் அண்ணன் மகன் வீட்டோடு இருக்கத் திருப்பதிக்குப் போனார்.

இந்த வருடப் பண்டிகைக்கு நானே அதை இறக்கித் துடைத்து மேசையில் வைத்தேன். போட்டிக்கு விலை கேட்பார்கள், சிரிப்பார்கள் என்று பயந்து, ஐயாயிரம் ரூபாய் எடுத்துப் போயிருந்தேன். யாரும் சிரிக்கவில்லை, போட்டிக்கும் வரவில்லை. பாதிப் பேருக்கு அது யாருடையது என்றே தெரியவில்லை.

மறுநாள் திருப்பதியில் டீச்சரம்மா அதை மடியில் வைத்து, உடைந்த பல்லைத் தடவிப் பார்த்தார்.

"எவ்ளோக்கு எடுத்தீங்கண்ணா?"

குனிந்து, பையில் மீந்திருந்த நோட்டுகளை எண்ணினேன். நான் கேட்ட விலை நூறு ரூபாய்.