கோட்டைகளுக்கு நடுவே நாலு வரி

என் வீட்டுக்காரர் பட்டாளத்துக்குப் போய், எதிரி கையில் சிக்கிச் சிறையில் கிடந்தவர். சண்டை முடிந்து விடுதலையானதும் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவரைத் தவிர வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் வாசலில் நின்று படித்தார். மாமனாரும் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

விடுதலையானவர்களை ஒரு பெரிய ஆற்றில் நீராவிப் படகில் கூட்டிப்போனார்களாம். இரண்டு கரையிலும் குன்றுகள், குன்றுக்குக் குன்று ஒரு கோட்டை. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம். கரையோர ஊர்களில் திராட்சையைப் பிழிந்து சாராயம் போடுவதுதான் பிழைப்பாம். நாள் முழுக்கப் போயும் கோட்டைகள் தீரவில்லையாம்.

"கோட்டையெல்லாம் தீர்த்தமலை உசரம் இருக்குமுங்களா?" என்றார் ஒருவர்.

"சாராயம் சும்மா குடுத்தாங்களான்னு பாரப்பா" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அந்தக் கடிதத்தில் நான் இருக்கிறேனா? கல்யாணமாகி ஐந்தாம் மாதம் போனவர். ஆற்றைப் பற்றி அத்தனை எழுதியவர் என்னைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

தபால்காரர் வரும்போதெல்லாம் மாமனார் அதைத் திரும்பப் படிக்கச் சொல்வார். நானும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். கோட்டை வரும், திராட்சை வரும், நான் வரமாட்டேன். பொண்டாட்டியைவிடப் பாழுங்கோட்டை பெரிதாகிவிட்டதா என்று அடுப்போடு பேசினேன். வேறு யாரோடு பேச? 'இங்கு எல்லோரும் சௌக்கியம்' என்று மட்டும் மாமனார் தபால்காரரிடம் பதில் எழுதச் சொன்னார்.

மறு வருஷம் திரும்பி வந்தார். இளைத்துப்போயிருந்தார். பேச்சும் குறைந்திருந்தது. நானும் முறுக்கிக்கொண்டேன். களி கிண்டிப் போடுவேன், சாப்பிடுவார், காட்டுக் கொட்டாய்க்குப் படுக்கப் போய்விடுவார். அவர் இல்லாத வருஷங்களில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

நாத்தனார் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் புத்தகத்தை வைத்து எழுத்துக் கூட்டப் பழகினேன். படிப்பின் மேல் ஆசையெல்லாம் இல்லை. அந்தக் கடிதத்தில் நான் இல்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்ற வீம்புதான். ஒரு வருஷம் பிடித்தது. கூரை எரவாணத்தில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கோட்டைகளுக்கு நடுவே, தபால்காரர் ஒரு நாளும் படிக்காத நாலு வரி இருந்தது.

'என் சம்சாரத்துக்குச் சொல்லவும். படகில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. ஊருக்கு வந்ததும் ஒகேனக்கலில் உன்னைப் பரிசலில் கூட்டிப்போக ஆசை. வருவாயா? பதிலில் ஒரு வார்த்தை எழுதச் சொல்.'

அடுத்த முறை தபால்காரர் வந்தபோது கேட்டேன்.

"பெரியவங்க உக்காந்திருக்கறப்ப, புருசன் பொண்டாட்டி பேச்ச எப்படிம்மா வாய்விட்டுப் படிக்கறது?" என்றார். நல்ல மனிதர். திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்கு நடந்தேன். அவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பரிசல்ல நான் வர்றேனுங்க" என்றேன்.

மாடுகளை நிறுத்தினார். கடிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பதில்ல ஒண்ணுமே இல்ல. நீ என்னை வேண்டாமுன்னுட்டியாக்கும்னு இத்தன நாளா நெனச்சிட்டிருந்தேன் புள்ள" என்றார்.