பூரணியக்கா கழித்துப் போட்ட நார்

பூரணியக்காவின் கண்ணால்தான் அந்தத் தேயிலைத் தொழிற்சாலை பெயர் வாங்கியது என்று நான் சொன்னால், அதை நடத்தும் டீ மேக்கர் சண்டைக்கு வருவார். வரட்டும். இருபத்திரண்டு வருடங்களாகக் காய்ந்த தூளிலிருந்து காம்பையும் சிவப்பு நாரையும் பொறுக்கி எறிந்தவர் அக்கா. அவர் வீட்டுச் சோற்றில் கல் கடிபட்டதாக லயத்து வீடுகளில் யாரும் சொன்னதில்லை.

2004இல் மலையகத்தில் திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளியில் நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்குக் குளிரும் ஒத்துவரவில்லை, பொறுமையும் ஒத்துவரவில்லை. ஹட்டன் விஞ்ஞானக் கண்காட்சிக்கு எங்கள் பள்ளியை முதன்முறையாக அழைத்திருந்தார்கள். சொதப்பினால் அடுத்த வருடம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

விண்வெளித் தொலைநோக்கி எடுத்த புதுப் படமொன்றை இன்டர்நெட் கடையில் அச்செடுத்து வந்தேன். நிலாவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு வானம். அதற்குள் நம் பால்வீதி போலப் பத்தாயிரம் நட்சத்திரக் கூட்டங்கள். அதை வெள்ளைத் துணியில் தேயிலையால் ஒட்டுவது என் யோசனை. ஒட்டித் தருவதாகப் பூரணியக்கா சொன்னார். அவர் மகள், என் மாணவி பிரேமினிதான் நடுவர்களுக்கு விளக்க இருந்தாள்.

ஞாயிறு பிற்பகல் போய்ப் பார்த்தேன். பெரிய இலைச் சுருள் முதல் டஸ்ட் என்கிற பொடித்தூள் வரை அளவு பிசகாமல் ஒட்டியிருந்தார். ஆனால் படத்திலிருந்த கோணல்மாணலான சின்னச் சிவப்புப் புள்ளிகள் ஒன்றையும் காணவில்லை.

"அந்தச் சின்னதுகள் எங்க அக்கா?"

"அது பாக்க நாரு மாதிரி இருந்துச்சுங்க டீச்சர். கழிவுன்னு விட்டுட்டேன்."

"அதுகளுக்காகத்தானே இந்தப் படமே எடுத்தவை. எல்லாத்தையும் கெடுத்துப்போட்டீங்கள்" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். வெளிச்சம் புறப்பட்டபோது அவை பிறந்து கொஞ்சக் காலமே ஆன கூட்டங்கள். நம் பால்வீதியில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சுருளும் கிடையாது, வட்டமும் கிடையாது. கட்டிகட்டியாக நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. அந்த வெளிச்சம் புறப்பட்டு ஆயிரத்து இருநூறு கோடி வருடமாகிறது. வந்த தூரத்தில் சிவந்தும் விட்டது. இப்படிப்பட்டவை ஒன்றோடொன்று சேர்ந்துதான் பெரியவை வளர்ந்தன.

அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இது கழிவு இல்லீங்க. இன்னும் உருவாகிக்கிட்டு இருக்கு."

படித்த நான் இதை இத்தனை நேராக ஒருநாளும் சொன்னதில்லை. அவரோ மேசைக்கடியில் ஒதுக்கியிருந்த குப்பையைத் தாளில் கொட்டி, நார் நாராகத் தூக்கி ஒட்டத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் ஹட்டனில், நல்ல தேயிலைக்கு நடுவில் ஏன் இந்தக் குப்பை என்று நடுவர் கேட்டார். பிரேமினி, தன் அம்மா சொன்னதை அப்படியே சொன்னாள். நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார், நிமிர நேரமாயிற்று. எங்களுக்கு மூன்றாம் இடம். அடுத்த வருடமும் அழைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பூரணியக்கா வழக்கம்போல் வேலைக்குப் போனார். பொறுக்கிய ஒவ்வொரு நாரையும் எறியுமுன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். கை ஓடவில்லையா என்று டீ மேக்கர் அதட்டியிருக்கிறார்.

"ஆயிரத்து இருநூறு கோடி வருசம் நடந்து வந்திருக்குங்க ஐயா" என்றாராம் அக்கா. "நீங்க ஒரு நிமிசம் பொறுங்க."