“நல்லா இருக்கிறம், பிள்ளை”

போர்க்காலத்தில், கொட்டாஞ்சேனையில் உதவிப்பணம் வழங்கும் அலுவலகமொன்றில் பணியாற்றினேன். சோதனைச்சாவடிகளுக்கு அஞ்சி நேர்முகத்துக்கு வராதவர்களைத் தொலைபேசியில் விசாரிக்கலாம் என்று வாதாடி அனுமதி பெற்றவள் நான்தான். முதல் அழைப்பு, வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த தாயொருவருக்கு. அவர் தந்திருந்த இலக்கத்துக்கே, குறித்த நேரத்தில் எடுத்தேன்.

“உங்கட கணவர் எங்க, அம்மா?”

“அவர் வெளியில போயிட்டார்.”

“சீவியத்துக்கு என்ன செய்யிறியள்?”

“ஒரு குறையும் இல்லை, பிள்ளை. நல்லா இருக்கிறம்.”

கணவர் காணாமற்போனதாக அல்லவா விண்ணப்பித்திருந்தார்? இப்பதிலை அப்படியே பதிந்தால் உதவி மறுக்கப்படும். அந்நேரம் அவருக்குப் பின்னால் ஓர் ஆண்குரல் எரிந்து விழுந்தது.

“அக்கா, சுகம் விசாரிச்சது காணும், வையுங்கோ! மற்ற ஆக்களும் நிக்கினம்.”

அவர் தந்திருந்தது தொலைபேசிக் கடையொன்றின் இலக்கம், அவர் நின்றது அந்நியர் நடுவே என்பது அப்போதுதான் உறைத்தது.

“அம்மா, இனி நான் கதைக்கிறன். நீங்கள் ஓம், இல்லை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அவரைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினமோ?”

“ஓம்.”

“இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறியளோ?”

“ஓம், பிள்ளை. ஓம்.”

அவருக்கு உதவி கிடைத்தது. வீதியிலிருந்த அச்சத்தை ஒரு தொலைபேசியால் விலக்கிவிட்டதாக நம்பியிருந்த நான், அதன்பின் எவரை அழைத்தாலும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: “பக்கத்தில ஆராவது நிக்கினமோ?”