ஏழாம் நம்பர் கட்டை

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தேன். டிவியில் தேர்தல் தேதி சொல்லிக்கொண்டிருந்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போர் உடனே காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அடியில் எழுத்து ஓடியது. குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள். தீபாவளிக்குப் பொட்டு வெடியைச் சுத்தியலால் தட்டக்கூடப் பயந்தவன் நான், எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? சொல்கிறேன்.

டீக்கடைக்கு அடுத்தது பெயின்ட் கடை. உள்ளே யாரோ லின்சீட் எண்ணெய் டின்னைத் திறந்திருந்தார்கள். அந்த வாசம் வந்தால் எனக்கு ஆயுத பூஜைதான் ஞாபகம் வரும். மற்றவர்களுக்குப் பொரி, சுண்டல், பூசணிக்காய். எனக்கு இந்த எண்ணெய். திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டி இருந்த கம்பெனியில், ஆட்கள் வருகையைக் குறிக்கிற டைம் ஆபீசில் எனக்கு முதல் வேலை. லாரிக்காரர்களுக்கெல்லாம் ரொக்கமாகக் கொடுக்கிற இடம் என்பதால் துப்பாக்கிக் காவலர்கள் இரண்டு பேர் உண்டு. இருவருமே பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள். சொந்த லைசென்ஸ், சொந்த ரைஃபிள். வியாசர்பாடி தயாளன் அண்ணன் வாய் ஓயாதவர். ராயபுரம் அந்தோணி அண்ணன் வாயே திறக்காதவர், சுண்டல் கொடுக்கும்போது தவிர.

இரண்டு ரைஃபிளும் ஒரே அச்சு. பின்னால் இருக்கிற மரக்கட்டையில் மட்டும் வெள்ளை பெயின்டால் எண் எழுதியிருக்கும். தயாளன் அண்ணனுடையது ஏழு, அந்தோணி அண்ணனுடையது மூன்று. பட்டாளத்தில் ஆயுத அறைக்குப் போய்க் கட்டை நம்பரைச் சொல்லித்தான் துப்பாக்கியை வாங்குவார்களாம். அந்தப் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. "அங்க என் பேர மறந்துடுவானுங்க நைனா, கட்ட நம்பர மறக்க மாட்டானுங்க" என்பார் தயாளன் அண்ணன். அவர் என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். ஏழைத் தட்டிக் காட்டி, "இது என் பொண்டாட்டி, வூட்ல கீறது மல்லிகா" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

உப்புக் காற்றில் மரம் ஊறும், இரும்பு துருப்பிடிக்கும். அதனால் வருஷா வருஷம் பூஜைக்கு முந்தின நாள் இரண்டு துப்பாக்கியையும் பிரித்துவிடுவார்கள். கட்டைகளைத் தேய்த்து, லின்சீட் எண்ணெய் பூசி, மொட்டை மாடியில் காயவைப்பார்கள். இரும்பெல்லாம் ஒரே தட்டில் மண்ணெண்ணெயில் கிடக்கும். ஒரு வருஷம் திரும்பப் பூட்டியது தயாளன் அண்ணன்தான். ஏழாம் கட்டையில் ஒரு இரும்பை வைத்தார், மூன்றாம் கட்டையில் இன்னொன்றை வைத்தார். எந்த இரும்பு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எண்தான் கட்டையிலேயே இருக்கிறதே! பிறகு சந்தனம், குங்குமம், கற்பூரம். நானும் பக்தியோடு கும்பிட்டேன். எதைக் கும்பிடுகிறோம் என்று தெரியாமல் கும்பிட்டேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பொங்கல் முடிந்ததும் அந்தோணி அண்ணன் வேலையை விட்டார். "காட்டுப்பள்ளி பக்கம் கெடச்சிருக்கு, சம்பளம் பரவால்ல" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. மூன்றாம் நம்பரைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார்.

அப்புறம் தேர்தல் வந்தது. தயாளன் அண்ணன் துப்பாக்கியை ஒப்படைக்கக் கிளம்பினார். கம்பெனிக் கடிதத்தோடு நானும் போனேன். ஸ்டேஷன் ரைட்டர் கட்டையைப் பார்க்கவே இல்லை. நடு இரும்பில் காய்ந்து கிடந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார், லைசென்ஸைப் பார்த்தார், மறுபடி இரும்பைப் பார்த்தார்.

"இது யாருதுய்யா?"

"என்னுது சார். கட்டைல பாருங்க, ஏழு."

"கட்டைக்கா லைசென்ஸ் குடுத்தாங்க? கட்ட ஒடஞ்சா வேற மாட்டிக்கலாம். கொழா தேஞ்சா எழுதி அனுமதி வாங்கி மாத்திக்கலாம். தோட்டா போய் உக்கார்ற எடத்துல, தோ, இந்த நடு இரும்புல நம்பர் அடிச்சிருக்கு பாரு. ரிஜிஸ்தர்ல கீற துப்பாக்கி இதான். இது உன்னுது இல்ல. உன்னுது எங்க?"

தயாளன் அண்ணன் குனிந்து, அந்த நம்பரை லைசென்ஸோடு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தார். குழாயைப் பார்த்துத்தானே நாமெல்லாம் பயப்படுகிறோம்! ஒரு சாண் இரும்புதான் முழுத் துப்பாக்கி என்று யாருக்குத் தெரியும்? அவருடைய துப்பாக்கி, மூன்று என்று எழுதிய கட்டையோடு அந்தோணி அண்ணன் தோளில் போயிருந்தது.

அந்தோணி அண்ணனுக்குப் போன் அடித்தோம், அணைத்து வைத்திருந்தார். ராயபுரத்தில் அவர் இருந்த சந்துக்குப் போனோம். மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமல், "வூட்ட காலி பண்ணிகினு பூட்டாங்கப்பா, எங்கன்னு சொல்லல" என்றது. மறுநாள் என் பைக்கில் வள்ளூர் வழியாகக் காட்டுப்பள்ளி வரை போனோம். அனல் மின் நிலையத்துச் சாம்பல் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு கேட்டிலும் இறங்கிக் கேட்டோம். அந்தோணி என்று யாருமே வேலைக்குச் சேரவில்லை என்றார்கள். திரும்பும்போது தயாளன் அண்ணன் என் தோளைப் பிடித்திருந்த பிடி, வீட்டுக்கு வந்தும் வலித்தது.

போலீசும் தேடியது. கிடைக்கவில்லை. அந்தோணி அண்ணனுக்கு இது தெரியுமா, இல்லை அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதா, இன்றுவரை தெரியாது. இருந்த துப்பாக்கியைப் போலீஸ் எடுத்துக்கொண்டது, லைசென்ஸை முடக்கியது. துப்பாக்கி இல்லாத காவலரைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சாப்பாட்டுக்குக் கஷ்டம்தான், ஆனால் அவரைத் தின்றது அது இல்லை. டீக்கடையில் பேப்பரைப் பிடுங்கி, எங்கே துப்பாக்கிச் சூடு என்று தேடுவார். ஒரு நாள் எங்கோ நகைக் கடையில் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று செய்தி. வெயிலில் ஓடி வந்தார்.

"துப்பாக்கி நம்பர் போட்டுக்கீறானா பாரு நைனா."

"அதெல்லாம் பேப்பர்ல போட மாட்டாங்கண்ணே."

"எவன் சுட்டாலும் கை அவனுது. ரிஜிஸ்தர்ல சுட்டது நானு" என்றார். அன்று அவருக்காகப் பயந்ததை விட அவரைப் பார்த்து நான் அதிகம் பயந்தேன். கதவு தட்டினால் எழுந்து நிற்கிற பழக்கம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. மாரடைப்பில் அவர் இறந்ததுகூடக் கதவு தட்டின சத்தத்துக்கு எழுந்தபோதுதான் என்று மல்லிகா அக்கா அழுதார். கேஸ் சிலிண்டர் போட வந்தவன்தான் தட்டியிருக்கிறான்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கட்டைகள் காய்ந்த மொட்டை மாடி எந்தப் பக்கம் என்றுகூட அடையாளம் தெரியவில்லை. அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். எதிர்பார்த்தது போலவே மறுநாள் காலை மல்லிகா அக்கா போன் செய்தார்.

"கான்ஸ்டபிள் வந்துகீறாருப்பா. துப்பாக்கிய ஒப்படைக்கணுமாம். அவருதான் பூட்டாரேன்னு சொன்னேன். 'அவரு பூட்டது தெரியும்மா, ரிஜிஸ்தர்ல கீற துப்பாக்கி எங்க'ன்னு கேக்குறாரு."

நான் பேசிக்கொள்கிறேன் அக்கா என்றேன். அக்கா போனை வைக்காமல் கேட்டார்.

"இன்னிக்கி பேப்பர்ல எங்கியாவது சுட்டுக்கீறானாப்பா?"

"இல்லக்கா."

பேப்பர் மேஜை மேல் மடித்தபடியே கிடந்தது. நான் அதை இன்னும் பிரிக்கவே இல்லை.