ஒரே ஆள், இரண்டு பெயர்

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் மெக்கானிக். தண்ணீர் வெளியே போகவில்லை என்று யாராவது கூப்பிட்டால் போய், மெஷினின் அடியில் இருக்கும் சின்ன மூடியைத் திருகி, வடிகட்டியை உருவி, அதில் சிக்கியதைத் துண்டில் கொட்டுவார். கொண்டை ஊசி, சட்டைப் பட்டன், ஒருமுறை ஒரு குழந்தையின் பால் பல். அந்தப் பல்லைக் கையில் வாங்கிய அம்மா அழுதேவிட்டாராம். வீட்டுக்கு வந்ததும் இதையெல்லாம் என்னிடம் சொல்வார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "ம்" போடுவேன்.

போன வருடம் ஒரு வாடிக்கையாளர் இவர் போனில் ஒரு தளத்தைப் போட்டுக் கொடுத்தார். பிளாக்செயினில் ஓடுகிற தளமாம். எழுதினால் படிக்கிறவர்கள் வாக்குப் போடுவார்கள், வாக்குக்குத் தகுந்தபடி டோக்கன் என்று காசு மாதிரி ஒன்று சேரும். ஏமாற்றினால் எதிர்வாக்குப் போட்டு, எழுதியதை யார் கண்ணிலும் படாமல் மடக்கி வைத்துவிடுவார்கள். டோக்கன் எத்தனை என்று இவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பால் பல் கதையை எழுதினார். நாற்பத்தாறு பேர் பதில் போட்டார்கள். மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

நாற்பத்தாறு பேருக்கும் இவர் எழுதியது ஒரே வரி: "அன்புக்கு நன்றி. குடும்பத்தோட நல்லா இருங்க."

"ஏங்க, கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதக் கூடாதா?" என்றேன்.

"ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைச்சலா எழுதினா பந்தி வஞ்சனை ஆயிடும்" என்றார்.

மறுநாள் இவர் எழுதியதெல்லாம் மடங்கிக் கிடந்தது. வாக்குக்கு ஆசைப்பட்டு ஒரே வரியை எல்லார் வீட்டு வாசலிலும் தெளித்துவிட்டுப் போகிற போலிகள் அங்கே ஏராளம். அவர்களைப் பிடிப்பதற்கென்றே சிலர் இருக்கிறார்கள். அவர்களில் 'காவல்காரன்' என்று பெயர் வைத்திருந்த ஒருவர் இவரைப் பிடித்துவிட்டார். "இது மனிதரல்ல, தானாக எழுதும் இயந்திரம்" என்று குறிப்பு வேறு. இயந்திரத்தைப் பிரித்துப் பிழைக்கிற மனுஷரைப் பார்த்து!

இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் சொல்றதைக் கேட்க நாலு பேர் இருந்தாங்க. அதுவும் போச்சு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே ஒரு கணக்குத் திறந்து, "இவர் மனுஷர்தான், என் புருஷன்தான், நானே சாட்சி" என்று எழுதினேன்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. காவல்காரன் எனக்கும் ஒரு எதிர்வாக்கைப் போட்டார். "இன்று திறந்த கணக்கு. பேசுவதும் இவருக்காக மட்டும். ஒரே ஆள் இரண்டு பெயரில் எழுதுகிறார்."

நான் விடுவேனா? அடுப்படியில் நின்றபடியே, "நேர்ல வந்து பாருய்யா, யார் மெஷின்னு காட்டறேன்" என்று தட்டிவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த இவர் அதற்குக் கீழேயே எழுதினார்: "ஐயா மன்னிக்கணும், அவ கொஞ்சம் கோபக்காரி."

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேட்கிறீங்க?" என்று நானும் அங்கேயே கேட்டேன்.

"நீ எதுக்கு இதுல தலையிடற?"

"உங்களுக்காகத்தான்!"

"இருபத்திரண்டு வருஷமா இதெல்லாம் உன்கிட்டதானே சொன்னேன்? நீ கேட்டிருந்தா நான் ஏன் இங்க வரப்போறேன்?"

எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்தேன். அதற்குள் காவல்காரனிடமிருந்து பதில் வந்தது: "இருவரும் மன்னிக்க வேண்டும். ஒரே ஆளால் இப்படிச் சண்டை போட முடியாது." எங்கள் இருவருக்கும் போட்ட எதிர்வாக்குகளையெல்லாம் எடுத்துவிட்டார்.

இவர் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "கோபத்துல எழுதிட்டேன். அந்த வரியை எடுத்துடறேன்" என்று போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். நடக்கவில்லை. பிளாக்செயினில் ஒருமுறை ஏறினது ஏறினதுதானாம், அடியோடு அழிக்கிற வழியே கிடையாதாம்.

"இருக்கட்டும் விடுங்க, நிஜம்தானே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடம் இந்த மனுஷருக்கு நான் போட்டதெல்லாம் வெறும் "ம்".

அந்த வரிக்குக் கீழே எழுதினேன்: "தப்பு என்மேலதான். இனிமே கேட்கிறேன்."

யோசித்துத்தான் எழுதினேன். அதையும் அழிக்க முடியாது.