அம்மா சொல்லிக்கொடுத்த பதில்கள்

தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் அம்மா ஒன்றே ஒன்றுதான் சொல்வாள்: "கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான்." இருபது வயது தாண்டியும் அவன் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றித்தான் போடுவான். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு அவனைக் கைகழுவிவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா அவனுக்குத் தலைவாரி, பவுடர் போட்டு, நாலு பதிலை மனப்பாடம் பண்ணவைத்துத்தான் வெளியே விடுவாள். மைதானத்துப் பையன்களிடம் அவன் பிடித்துவந்த 'கீறேன்', 'வந்துகினு' எல்லாம் அவளுக்கு ஆகாது. நாங்கள் தென்காசிப் பக்கம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஓய்வு நெருங்கியது. பென்ஷன் பிரிவில் இருந்தவர் ஒரு விதியைச் சொன்னார். பிள்ளையால் சம்பாதித்துப் பிழைக்க முடியாது என்று மெடிக்கல் போர்டு எழுதிக்கொடுத்தால், அப்பா அம்மாவுக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் அவன் ஆயுள் முழுக்க வரும். அப்பா நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு வேறு கவலை. "பெரிய டாக்டருங்க முன்னால போயி நிக்கப்போறான், பேரு கெட்டுறக் கூடாது" என்று பயிற்சியை ஆரம்பித்துவிட்டாள். பெயர், விலாசம், அப்பாவின் வேலை, இன்றைக்கு என்ன கிழமை. போர்டு அன்று இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நின்று அத்தனைக்கும் பதில் சொன்னான். "நல்லாத்தானே பேசுறான்? ஏதாவது சின்ன வேலைக்கு அனுப்புங்க" என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பையன் பாஸாயிட்டான்" என்றார் அப்பா, ரயிலில். அம்மாவின் முகத்தில் அப்போதும் ஒரு பெருமை இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் போன பிறகு இந்த நாலு பதிலும் அவனுக்குச் சோறு போடுமாம்மா?"

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் மறுபடி மனு கொடுக்கச் சொன்னது அவள்தான்.

இரண்டாம் முறை பயிற்சி கிடையாது. ஆனாலும் பழைய கேள்விகளுக்குப் பழைய பதில்கள் பிசகாமல் வந்தன. அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை இருந்தது ஒரு பெண் டாக்டர். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, சும்மா பேசுவதுபோல் கேட்டார்.

"வீட்ல யாரும் இல்ல, இருட்டிப்போச்சு. என்ன பண்ணுவே?"

இது அம்மா சொல்லிக்கொடுக்காத கேள்வி. தம்பி யோசித்தான்.

"கதவாண்ட குந்திகினு இருப்பேன்."

"பசிச்சா?"

"அம்மா வந்து போடும்."

"அம்மா வரலேன்னா?"

இதுகூடத் தெரியவில்லையே என்று அவன் டாக்டரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அது வந்துடும்."

டாக்டர் அதற்குமேல் கேட்கவில்லை, எழுத ஆரம்பித்தார். 'குந்திகினு' என்றால் அந்த இடத்திலேயே திருத்துகிற அம்மா, அன்று திருத்தவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அப்பா போய், அம்மாவும் போன பிறகு, பென்ஷன் அவன் பெயருக்கு ஒழுங்காக வருகிறது. அவன் என்னோடு அம்பத்தூரில் இருக்கிறான். இருட்டினால் வாசற்கதவருகே போய் உட்கார்ந்துவிடுவான். சாப்பிடக் கூப்பிட்டால், "அம்மா வரட்டும்" என்பான். முதலில் எல்லாம் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது. இப்போது தட்டை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டு, பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.